ரீல்ஸ்ல வர்ற பம்ப் கன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருந்த துப்பாக்கியும்

(ஆடியோவாக வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களையும் நடுவுல வந்த அரட்டையையும் எடுத்திருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் காலேஜ் நண்பன் ஒரு ரீல் அனுப்பினான். ஒரு அமெரிக்கக்காரர் குட்டையா, கறுப்பா ஒரு ஷாட்கன் வச்சுக்கிட்டு நிக்கிறார். அடியில மேகசினை டக்குன்னு மாட்டுறார், முன்பக்கக் கைப்பிடியை ‘சக் சக்’னு இழுக்கிறார், வரிசையா நின்ன தர்பூசணி எல்லாம் சிதறுது. கீழ நண்பன் எழுதியிருந்தான்: “மச்சி, இந்த மாதிரி ஒண்ணு நம்ம ஊர் வீட்டுக்கு வாங்க முடியுமா? சீரியஸா கேக்கறேன்.”

ஏன் சீரியஸாக் கேட்டான்னு எனக்குத் தெரியும். அவன் பெங்களூர்ல வேலை பாக்கறான். அப்பா, அம்மா ரெண்டு பேரும் தருமபுரி மாவட்டத்துல, பென்னாகரம் பக்கம், தோட்டத்து வீட்டுல தனியா இருக்காங்க. பக்கத்து வீடுன்னா அரை கிலோமீட்டர் நடக்கணும். 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் ஒரே குடும்பத்துல மூணு பேர், 2025 மே மாசம் ஈரோடு சிவகிரி பக்கம் ஒரு வயசான தம்பதி, இப்படித் தோட்டத்து வீட்டுல இருந்தவங்க கொல்லப்பட்ட செய்தியை எல்லாரும் படிச்சோம். அதைப் படிச்சதுல இருந்து அவனுக்குத் தூக்கம் சரியா வரலை.

அதனால இதைக் கிண்டல் பண்ணிட்டுப் போக எனக்கு மனசு வரலை. எனக்கும் அதே பக்கம்தான் ஊரு. தருமபுரியும் துப்பாக்கியும்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு உடனே வீரப்பன் ஞாபகம்தான் வரும். 2004 அக்டோபர் 18ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டது எங்க மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி பக்கத்துலதான். ஆனா எங்க ஊர்க்காரங்களுக்குத் துப்பாக்கின்னா வேற ஒரு பொருள். அதுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல ரீல்ல வந்த துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கி என்ன பண்ணுது?

ஷாட்கன்னோட குழல் உள்பக்கம் வழவழன்னு இருக்கும். ரைஃபிள் குழல்ல குண்டு சுழன்று போறதுக்காக உள்ள திருகுக்கோடு வெட்டியிருப்பாங்க. ஷாட்கன்ல பொதுவா அது கிடையாது. ஒரே குண்டுக்குப் பதிலா நிறைய சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் ஒரே தோட்டாக்குள்ள இருக்கும், சுட்டா எல்லாம் சேர்ந்து வெளிய வரும்.

‘12 போர்’னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த 12 எங்கிருந்து வந்துச்சுன்னா, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாப் பண்ணினா, ஒரு உருண்டை அந்தக் குழலுக்குள்ள சரியா உட்காரும். குழலோட விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனாலதான் எண் கூடக்கூடக் குழல் சின்னதாகும். 20 போர், 12 போரை விட ஒல்லி.

பம்ப் ஆக்‌ஷன்னா, ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் முன்பக்கக் கைப்பிடியைக் கையால பின்னாடி இழுக்கணும். சுட்ட கூடு வெளிய விழும். மறுபடி முன்னாடி தள்ளினா அடுத்த தோட்டா உள்ள ஏறும். சினிமாவுல வர்ற அந்த ‘சக் சக்’ இதுதான். 1950ல வந்த ரெமிங்டன் 870 இந்த வகையில ரொம்பப் பிரபலம். ஒரு கோடிக்கு மேல வித்திருக்காங்க. அதுல தோட்டாக்கள் குழலுக்குக் கீழ இருக்கிற இன்னொரு நீளக் குழாய்க்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும். தீர்ந்தா, ஒவ்வொண்ணா விரலால தள்ளித்தான் நிரப்பணும்.

2018ல ரெமிங்டன் 870 டி.எம்., மாஸ்பெர்க் 590 எம்.னு ரெண்டு மாடல் வந்துச்சு. குழாய்க்குப் பதிலா கழற்றி மாட்டுற பெட்டி மேகசின். தீர்ந்ததும் கழற்றிட்டு அடுத்ததை மாட்டிக்கலாம். மாஸ்பெர்க்குக்கு 20 தோட்டா பிடிக்கிற மேகசின் வரைக்கும் உண்டு. அங்க இதை வீட்டுப் பாதுகாப்புக்கும் சுடுதளத்துக்கும்னு விக்கிறாங்க. குழல் நீளம் பொதுவா 18.5 அங்குலம். இந்த நீளத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒன்றரை அங்குலத்துல மாறுற சட்டம்

அமெரிக்காவுல 18 அங்குலத்துக்குக் கம்மியான ஷாட்கன் குழலுக்கு 1934ஆம் வருஷச் சட்டப்படி தனிப் பதிவும் கட்டுப்பாடும் இருக்கு. அதனால கம்பெனிகள் அதுக்குக் கொஞ்சம் மேல, 18.5ல நிறுத்துறாங்க. அந்த நீளத்துக்கான காரணம் அங்கத்த சட்டம்தான்.

நம்ம ஊர்ல இருக்கிறது 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1ல இருந்து அமல்ல இருக்கு. அதோட 13ஆவது பிரிவு, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் உரிமம் கேக்கக்கூடிய துப்பாக்கியைச் சொல்லும்போது, வழவழக் குழல் துப்பாக்கி, குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லுது. ரீல்ல வந்தது 18.5. அந்த ஒன்றரை அங்குலத்துல, அதாவது நாலு சென்டிமீட்டர்கூட இல்லாத வித்தியாசத்துல, அந்தத் துப்பாக்கி இந்தப் பிரிவுக்கு வெளிய போயிடுது. 20 அங்குலத்துக்குக் குறைஞ்ச ஷாட்கன், செமி ஆட்டோமேட்டிக் வகைகளோட சேர்ந்து, ரொம்பக் கடுமையான பட்டியல்ல போய் நிக்கும்.

ஏன் நீளத்துல இவ்வளவு பிடிவாதம்? நீளமான துப்பாக்கியைச் சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போக முடியாது. அவ்வளவுதான் லாஜிக்.

அப்போ 20 அங்குலத்துக்கு மேல குழல் இருந்தா? பம்ப் ஆக்‌ஷன் கையால இயக்குறதுங்கிறதால அது செமி ஆட்டோமேட்டிக்ல வராது. உரிமம் வாங்கி வச்சுக்கலாம். நம்ம அரசு ஆயுதத் தொழிற்சாலைகளே 12 போர் பம்ப் ஆக்‌ஷன் தயாரிச்சிருக்கு. ஆனா வெளிநாட்டு மாடலை ஆர்டர் பண்ணி வரவைக்க முடியாது. 1980களின் நடுவுல இருந்தே சாதாரண மக்கள் துப்பாக்கி இறக்குமதி பண்றதுக்குத் தடை இருக்கு. பேர்பெற்ற போட்டி வீரர்கள் மாதிரி சில பேருக்கு மட்டும் விலக்கு.

உரிமம் எப்படிக் கிடைக்கும்? 21 வயசு முடிஞ்சிருக்கணும். 2016ஆம் வருஷ ஆயுத விதிகள்படி ஏ-1 படிவத்துல விண்ணப்பம். துப்பாக்கியைப் பத்திரமாக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ். அப்புறம் போலீஸ் விசாரணை: வழக்கு இருக்கா, மனநிலை எப்படி, உண்மையிலேயே ஆபத்து இருக்கா. மாவட்டத்துல கலெக்டர் ஆபீஸ், மாநகரத்துல கமிஷனர் ஆபீஸ். கிடைச்சாலும் எத்தனை தோட்டா வாங்கலாம்ங்கிறது உரிமத்துலயே எழுதியிருக்கும். 2019 திருத்தத்துக்கு முன்னாடி ஒருத்தர் மூணு துப்பாக்கி வச்சுக்கலாம், இப்ப ரெண்டுதான். எலெக்‌ஷன் வந்தா அதையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க.

அமெரிக்காவுல துப்பாக்கி வச்சுக்கிறது அரசியல் சாசன உரிமை. 1791ல வந்த இரண்டாவது திருத்தம், அது தனிநபரோட உரிமைன்னு 2008ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நம்ம அரசியல் சாசனத்துல அப்படி ஒரு உரிமை இல்லை. இங்க அது அரசாங்கம் கொடுக்கிற அனுமதி. அந்த ரீலை நாம பாக்கும்போது இந்த வித்தியாசம் மட்டும் திரையில தெரியாது.

சரி, இருந்தா உதவுமா?

என் நண்பன் இதைத்தான் அடுத்துக் கேட்டான். “சட்டம் கிடக்கட்டும் மச்சி, வச்சிருந்தா பாதுகாப்புதானே?”

மூணு விஷயம் சொன்னேன்.

முதல் விஷயம்: ஷாட்கன்ல குறி பாக்கவே வேண்டாம், அந்தப் பக்கமாத் திருப்பிச் சுட்டாப் போதும்னு சினிமா சொல்லும். குண்டுகள் விரியறது உண்மைதான். ஆனா ஒரு ரூமுக்குள்ள, நாலஞ்சு மீட்டர் தூரத்துல, அது விரியறது ஒரு உள்ளங்கை அளவுதான். குறி தப்பினா தப்பினதுதான். தப்பின குண்டு கதவு, ஓலை, தகரம், மெல்லிய தடுப்புச் சுவர் எல்லாத்தையும் தாண்டிப் போகும். அந்தப் பக்கம் யார் படுத்திருக்காங்கன்னு குண்டுக்குத் தெரியாது.

ரெண்டாவது விஷயம்: அறுபத்தஞ்சு வயசுல, தூக்கக் கலக்கத்துல, இருட்டுல, பூட்டின அலமாரியைத் திறந்து, தனியா வச்ச தோட்டாவை எடுத்து நிரப்பி, எதிர்ல நிக்கிறது யாருன்னு அடையாளம் கண்டு சுடணும். பூட்டாம நிரப்பியே வச்சா, விடுமுறைக்கு வர்ற பேரப்பிள்ளைங்க கைக்குப் போகும். பத்திரமா வச்சா அவசரத்துக்கு உதவாது, அவசரத்துக்கு உதவுற மாதிரி வச்சா பத்திரம் இல்லை. இந்தச் சிக்கலுக்குப் பெட்டி மேகசின்ல பதில் கிடையாது. அமெரிக்காவுல ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1993ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. துப்பாக்கி இருக்கிற வீட்டுல, அந்த வீட்டுக்குள்ளயே கொலை நடக்கிற அபாயம் 2.7 மடங்கு அதிகம்னு அதுல வந்துச்சு. அந்த ஆய்வு பண்ணின முறையை விமர்சிச்சவங்களும் உண்டு. ஆனா குடிச்சுட்டு வர்ற கோபம், குடும்பச் சண்டை, தற்கொலை எண்ணம், இதெல்லாம் திருடனை விட நம்ம வீடுகளுக்கு அடிக்கடி வர்ற விருந்தாளிங்க.

மூணாவது விஷயம்: தற்காப்பு உரிமை நமக்கு இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவோட 34ல இருந்து 44 வரைக்கும் உள்ள பிரிவுகள் அதைப் பத்தித்தான். முன்னாடி இந்தியத் தண்டனைச் சட்டத்துல 96ல இருந்து 106 வரைக்கும் இருந்தது. ஆனா தற்காத்துக்கத் தேவையான அளவுக்கு மேல தீங்கு செய்யக் கூடாதுன்னு அதுலயே எல்லை போட்டிருக்கு. கோழி திருட வந்தவன் ஓடும்போது முதுகுல சுட்டா, அது தற்காப்பு ஆகாது.

சுடறது பிடிச்சிருக்குன்னா அது வேற பாதை. ஒலிம்பிக்ல ட்ராப், ஸ்கீட் போட்டிகள் ஷாட்கன் போட்டிகள்தான், பறக்கிற களிமண் தட்டைச் சுடுவாங்க. அங்க பம்ப் கன் கிடையாது, பெரும்பாலும் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு குழல் வச்ச துப்பாக்கி. நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ட்ராப்ல கலந்துக்கிட்டார். ஆரம்பிக்கிறவங்களுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போதும். சென்னை, கோவை, மதுரையில எல்லாம் ரைஃபிள் கிளப் இருக்கு. அங்க சேர்ந்தா, சுடறதுக்கு முன்னாடி துப்பாக்கியைக் கீழ வைக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுப்பாங்க.

எங்க வீட்டுப் பரண்

இப்ப எங்க ஊர்த் துப்பாக்கிக்கு வர்றேன்.

அதே 13ஆவது பிரிவுல, 20 அங்குலம்னு சொன்ன வரியிலயே இன்னொண்ணும் இருக்கு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழி மருந்து நிரப்புற துப்பாக்கிக்கு உரிமம் கேக்கலாம். 1959ல டெல்லியில உக்காந்து சட்டம் எழுதினவங்களுக்கு, காட்டோரத்து விவசாயி ராத்திரி பன்னியோட போராடுறார்னு தெரிஞ்சிருந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த 1878ஆம் வருஷச் சட்டத்துல ஐரோப்பியர்களுக்கு விலக்கு, இந்தியர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு. அதை மாத்தி எழுதும்போது விவசாயிக்கும் ஒரு இடம் கொடுத்தாங்க.

எங்க தாத்தா அந்த உரிமம் வச்சிருந்தார். ஒத்தைக் குழல் துப்பாக்கி. போலீஸ் ரெக்கார்டுல ‘எஸ்.பி.எம்.எல்.’னு எழுதுவாங்க. கடலைக்காயும் கேழ்வரகும் போட்டிருக்கிற மாசத்துல, காட்டுல கம்பு நட்டுக் கட்டின காவல் பரண்ல ராத்திரி படுத்திருப்பார். பெரும்பாலும் வானத்தைப் பாத்துத்தான் சுடுவார்னு அப்பத்தா சொல்லும். சத்தத்துக்கே பன்னி ஓடிடும்.

இந்தத் துப்பாக்கிக்கும் ரீல் துப்பாக்கிக்கும் நூத்தம்பது வருஷ இடைவெளி. தோட்டாவே கிடையாது. குழலோட வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு இடிக்கணும். நம்ம பக்கம் செய்தியில ‘பால்ரஸ் குண்டு’ன்னு வருமே, அந்தச் சின்ன இரும்பு உருண்டைகளையும் போடுவாங்க. ஒரு தடவை சுட்டா மறுபடி நிரப்ப நேரம் ஆகும். அதை விட மோசமான குணம் ஒண்ணு இருக்கு. நிரப்பினதைத் திரும்ப எடுக்கிறது கஷ்டம். சுட்டுத் தீர்க்கிறதுதான் சுலபம். அதனால ராத்திரி பன்னி வரலைன்னா, நிரப்பினபடியே வீட்டு மூலையில சாத்தி வச்சிடுவாங்க. வெளியில இருந்து பாத்தா உள்ள மருந்து இருக்கா இல்லையான்னு தெரியாது.

தாத்தா 2008ல இறந்துட்டார். ஈமச்சடங்கு, பாகப்பிரிவினை எல்லாம் முடிஞ்சுது. துப்பாக்கியைப் பத்தி யாரும் பேசலை. பரண்மேல பழைய கலப்பை, உரல்னு கிடந்த சாமான்களோட அதுவும் போயிடுச்சு. உரிமம் தாத்தா பேர்ல இருந்தது, அவரோட முடிஞ்சு போச்சு. அன்னையில இருந்து எங்க வீட்டுல இருந்தது கள்ளத் துப்பாக்கி. எங்க யாருக்கும் அப்படித் தோணவே இல்லை. அது தாத்தாவோட சாமான், அவ்வளவுதான்.

2013 பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கப் பரண்ல இருந்து எல்லாத்தையும் இறக்கினோம். சித்தப்பா பையனுக்கு அப்போ பதினோரு வயசு. துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு போலீஸ் விளையாட்டு. அத்தை திண்ணையில உக்காந்து கிழங்கு நறுக்கிட்டு இருந்தாங்க. நான் ஏணியில இருந்தேன். சத்தம் கேட்டதும் பட்டாசுன்னுதான் நினைச்சேன். திரும்பிப் பாத்தா வாசல் முழுக்கப் புகை. அத்தை தலைக்கு ஒரு முழம் மேல சுவர்ல அம்மை போட்ட மாதிரி ஓட்டைகள். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தாத்தா நிரப்பி வச்ச மருந்து.

யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அத்தைக்கு ஒரு காது மூணு நாள் கேக்கலை. தம்பி அன்னைக்குப் பேசலை, சாப்பிடலை. அந்தச் சுவரை அப்பா உடனே பூசிட்டார், யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு.

ஏன் யாரும் ஒப்படைக்கிறதில்லை?

அப்பாவுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்க மூணு வாரம் ஆச்சு. கொடுக்கிற எண்ணம் முதல் நாளே வந்துடுச்சு, ஸ்டேஷனுக்குப் போகிற தைரியம்தான் வரலை. “இத்தனை வருஷம் ஏன் வச்சிருந்தே, யாரைச் சுட்டேன்னு கேட்டா என்ன சொல்றது?” கிணத்துல போட்டுடலாம்னு ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். இன்னொருத்தர், “குடுங்க, நான் வச்சுக்கறேன்”னார்.

இந்தப் பயத்தை முட்டாள்தனம்னு சொல்லிட முடியாது. எங்க மாவட்டத்து அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள்ள போனாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க, ஊரே சூறையாடப்பட்டுச்சு. 269 பேர் மேல வழக்கு. 2011ல தருமபுரி நீதிமன்றம், உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்புச் சொல்லிச்சு. 2023 செப்டம்பர் 29ல சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணிச்சு. நியாயம் முழுசா வந்து சேர முப்பத்தொரு வருஷம். இந்தக் கதை தெரிஞ்ச ஊர்ல, காக்கிச் சட்டை முன்னாடி துப்பாக்கியோட போய் நிக்க ஒரு விவசாயி யோசிப்பார்தானே?

இன்னொரு பக்கம், பயிர்ப் பிரச்சினை தீரலை. துப்பாக்கி இல்லைன்னா சில பேர் அவுட்டுக்காய் வைக்கிறாங்க, சில பேர் வேலியில திருட்டுக் கரண்ட் விடுறாங்க. 2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில மூணு யானைகள் செத்துப் போச்சு. கூட வந்த ரெண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டுப் போகாம நின்னதை டிவியில பாத்திருப்பீங்க. கேரளாவுல 2022ல இருந்து பஞ்சாயத்துத் தலைவர் அனுமதியோட, உரிமம் உள்ளவங்களை வச்சுக் காட்டுப்பன்னியைச் சுட வழி பண்ணினாங்க. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில அரசு வேற மாதிரி அறிவிச்சுச்சு: காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வர்ற பன்னியை வனத்துறையே சுடும், ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ளன்னா பிடிச்சுக் காட்டுல விடணும், ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. விவசாயி தானே சுட அனுமதி இல்லை. எங்க பக்கத்து நிலங்கள் நிறையக் காட்டை ஒட்டியே இருக்கு. அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவருக்கு இந்த அறிவிப்பால என்ன லாபம்னு கேட்டா, எங்கிட்ட பதில் இல்லை.

ஆனா கள்ளத் துப்பாக்கி அதுக்கு விடை கிடையாது. இருட்டுல புதர் அசைஞ்சா சுடறது, அங்க இருந்தது பக்கத்துக் காட்டுக்காரர்னு அப்புறம் தெரியறது, இப்படி நடந்த சாவு மலையோரத்துல புதுசு இல்லை. அதோட, வழக்கு வந்தா இப்ப தண்டனை கடுமை. உரிமம் இல்லாம வச்சிருந்தா முன்னாடி ஒண்ணுல இருந்து மூணு வருஷம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைஞ்சது ரெண்டு, அதிகபட்சம் அஞ்சு. நாட்டுத் துப்பாக்கி தயாரிச்சா ஏழு வருஷத்துல இருந்து ஆயுள் வரைக்கும்.

உங்க வீட்டுல இருந்தா?

இதைக் கேக்குற உங்கள்ல சில பேருக்கு இப்ப மனசுல ஒரு பரண் ஞாபகம் வந்திருக்கும். அதனால நிதானமாச் சொல்றேன்.

தொடாதீங்க. உள்ள மருந்து இருக்குன்னே நினைச்சுக்கோங்க. கழுவிப் பாக்குறேன், குச்சி விட்டுப் பாக்குறேன்னு எதுவும் வேண்டாம். பசங்களை அந்தப் பக்கம் விடாதீங்க.

சட்டத்தோட 21ஆவது பிரிவு, உரிமம் முடிஞ்சோ வேற காரணத்தாலயோ ஒரு ஆயுதத்தை வச்சிருக்கிறது சட்டப்படி செல்லாமப் போனா, தாமதிக்காம பக்கத்து ஸ்டேஷன்லயோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரிகிட்டயோ ஒப்படைக்கணும்னு சொல்லுது. உரிமம் வச்சிருந்தவர் இறந்துட்டா, வாரிசு அதைத் தன் பேர்ல உரிமம் கேட்டு விண்ணப்பிக்கவும் 2016 விதிகள்ல வழி இருக்கு. தாத்தா உயிரோட இருக்கும்போதே, 70 வயசு ஆயிட்டாலோ 25 வருஷம் உரிமம் வச்சிருந்தாலோ, வாரிசுக்கு மாத்திக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். வேண்டாம்னா ஒப்படைச்சுட்டு நிம்மதியா இருக்கலாம்.

உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கின்னா, காட்டோர ஊர்கள்ல போலீஸும் வனத்துறையும் அவ்வப்போது கெடு வச்சு, தானா ஒப்படைச்சா வழக்கு இல்லைன்னு அறிவிப்பாங்க. ஊர்ப் பெரியவங்க, பஞ்சாயத்துத் தலைவர் மூலமாக் கொடுக்கிறதும் உண்டு. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கோங்க. எதுவா இருந்தாலும் முதல்ல துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போகாதீங்க, ஒரு வக்கீலைக் கூப்பிட்டுப் பேசுங்க. எழுத்துல கொடுங்க, ரசீது வாங்குங்க. எங்க அப்பா அப்படித்தான் பண்ணினார். ஒரு வக்கீல் முதல்ல போய்ப் பேசிட்டு வந்தார். தாத்தாவோட பழைய உரிமப் புத்தகத்தைக் காட்டினோம். ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்க, எழுதி வாங்கினாங்க, ரசீது கொடுத்தாங்க. வெளிய வந்து டீ குடிக்கும்போது அப்பா கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வந்து படுத்தவர் மறுநாள் காலையில எட்டு மணி வரைக்கும் தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லை.

என் நண்பனோட அப்பா அம்மா விஷயத்துக்கு வர்றேன். அவன் கடைசியில செஞ்சது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். வீட்டைச் சுத்தி ஆள் நடந்தா எரியற லைட். கரண்ட் போனாலும் ஓடுற மாதிரி ரெண்டு கேமரா. பின்கதவுக்கு இரும்பு கேட். ரெண்டு நாட்டு நாய். அம்மா போன்ல ‘காவல் உதவி’ ஆப், பெரிய எழுத்துல 100, 112. ஸ்டேஷன்ல போய், வயசானவங்க தனியா இருக்காங்க, ராத்திரி ரோந்துல இந்த வழியா வாங்கன்னு எழுதிக் கொடுத்தான். அதோட, அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்காரங்களோட ரெண்டு வருஷமா வரப்புத் தகராறுல பேச்சு வார்த்தை இல்லையாம். நேர்ல போய்ப் பேசிட்டு வந்தான். ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டா முதல்ல ஓடி வரப் போறது அவங்கதானே.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு நாலு நாள் முன்னாடி அவன் மறுபடி போன் பண்ணினான். குரல் வேற மாதிரி இருந்துச்சு.

“மச்சி, நீ உங்க தாத்தா கதையைச் சொன்னியே. சும்மா அப்பாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், மாட்டுக் கொட்டாய் மேல ஒண்ணு இருக்குடான்னார்.”

“நிரப்பியிருக்கா?”

“அவருக்கே ஞாபகம் இல்லையாம்.”

திங்கட்கிழமை அவன் ஊருக்குப் போறான். வக்கீல்கிட்ட பேசியாச்சு. நானும் கூடப் போறேன், ஸ்டேஷன் வாசல்ல அவங்க அப்பா பக்கத்துல உக்கார ஒரு ஆள் வேணும்ல.

நீங்களும் இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.